நெட்டைப் பலகையா, குட்டைப் பலகையா?

புதுக்கோட்டைக்காரர் ஒருவர் கடலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்பவர்கள் சற்றே புன்னகை செய்வது வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1948-ம் வருஷத்தில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதியாகப் பல வருஷம் இருந்தது. 1974 ஜனவரி 14-ந் தேதி தனி மாவட்டம் அமைந்த போதுதான் தஞ்சை ஜில்லாவிலிருந்த அறந்தாங்கிப் பிரதேசமும், அத்துடன் சுமார் 40 கிலோ மீட்டர் கடற்கரையும் அதற்குக் கிடைத்தன. பொங்கலுக்குப் புடவையும் வேஷ்டியும் சீராக வருவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். சமுத்திரமே சீராக வந்தது எங்கள் ஜில்லா ஒன்றுக்குத்தான் என்று நினைக்கிறோம்!

இந்தப் பூர்வ சரித்திரத்தை இங்கே சொல்வதற்குக் காரணம் நமது தங்கையின் குமாரன். வயது பதினேழு. புதுக்கோட்டை நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன். நீச்சல் பழகியது குளத்தில். அப்படிப்பட்டவனுக்குத் திடீரென்று அலைச் சறுக்கு விளையாட்டில் மோகம் பிறந்து விட்டது. பலகை ஒன்றின் மேல் நின்று கொண்டு, கரையை நோக்கி வரும் அலையின் முகத்தில் வழுக்கிக் கொண்டு வருகிறார்களே, அந்த வித்தைதான். கைபேசியில் ஓயாமல் அதையே பார்த்துக் கொண்டிருந்தான். பிறகு தகப்பனார் அவனுடைய மேற்படிப்புக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தில் கொஞ்சத்தைக் கேட்டு வாங்கி, யாரோ உபயோகித்த பலகை ஒன்றை விலைக்கு வாங்கி வந்தான். ஆறடிக்கும் குறைவான நீளம், கூரிய மூக்கு, அடியில் மூன்று துடுப்புகள். "மாமா, உலக வீரர்களெல்லாம் இந்த மாதிரிப் பலகைதான் வைத்திருக்கிறார்கள்" என்றான். அவனுடைய முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து நாமும், "பேஷ்!" என்று சொல்லி விட்டோம். அந்தப் 'பேஷ்'ஷுக்காகப் பின்னால் வருத்தப்பட நேர்ந்தது.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பலகையும் கையுமாக எல்லாரும் அறந்தாங்கி வழியாக மணமேல்குடிக்குப் போனோம். கடல் இருந்தது, அலைதான் இல்லை. வெகு தூரம் வரையில் முழங்கால் ஆழம். நமது வீரன் பலகையைத் தண்ணீரில் வைத்து அதன் மேல் ஏறினான். பலகை மெல்ல அமிழ்ந்து சேற்றில் உட்கார்ந்தது. அவனும் உட்கார்ந்தான். கரையில் வலை பிரித்துக் கொண்டிருந்த முதியவர் ஒருவர் இந்தக் காட்சியைக் கொஞ்ச நேரம் பொறுமையுடன் பார்த்து விட்டு அருகில் வந்தார்.

"தம்பி, இந்தப் பலகைக்கு இங்கே என்ன வேலை? கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. அலையைக் கூப்பிட்டாலும் வராது. வாடைக் காலத்திலே வந்தால் தண்ணீர் கொந்தளிக்கும். ஆனால் அதுவும் ஏறி விளையாடுகிற அலை இல்லை, படகைப் போட்டு ஆட்டுகிற அலை" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. விளையாட்டுக்கு ஏற்ற பெரிய அலைகள் உள்ளூர்க் காற்றினால் உண்டாகிறவை அல்ல. தெற்கே, இந்து மகா சமுத்திரத்தின் கோடியில், பெரும் புயல்கள் கிளப்பி விடும் அலைகள் ஆயிரக்கணக்கான மைல் யாத்திரை செய்து, வழியில் ஒழுங்குபட்டு, வரிசை வரிசையாக நமது கரைக்கு வந்து சேருகின்றன. மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் அவை தாராளமாக வருகின்றன. ஆனால் கட்டுமாவடியிலிருந்து மீமிசல் வரையில் உள்ள நமது கரைக்கு முன்னால் இலங்கைத் தீவு கதவு போல் நிற்கிறது. தெற்கே ராமேசுவரமும் ஆதாம் பாலத்து மணல் திட்டுகளும், வடக்கே கோடியக்கரை. நடுவில் அகப்பட்டுக் கொண்ட பாக் விரிகுடாவோ பெரும்பாலான இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழம் கூட இல்லாதது. இந்தப் பூட்டுகளையெல்லாம் திறந்து கொண்டு எந்த அலை வரப் போகிறது? 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை வந்த போது நாகப்பட்டினம் பட்ட பாட்டை நாடே அறியும். கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் அதனுடன் ஒப்பிட்டால் பெரும்பாலும் தப்பியதற்கும் இலங்கை குறுக்கே இருந்ததே முக்கிய காரணம். அலை இல்லாதது எப்பொழுதும் குறையல்ல.

நிற்க. பையன் விடுவதாக இல்லை. ஆடி மாதத்தில், சென்னைக்குத் தெற்கே உள்ள ஒரு கடற்கரைக்குச் சிநேகிதர்களுடன் புறப்பட்டுப் போனான். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே அலை இருந்தது. வேண்டிய மட்டும் இருந்தது. ஆனால் அந்த அலைகள் சாய்ந்து சாவதானமாக வருகிறவை. குட்டைப் பலகையின் மேல் படுத்துக் கையால் துழாவி அவன் வேகம் பிடிப்பதற்குள் ஒவ்வோர் அலையும் அவனைக் கடந்து போய் விட்டது. ஒரு மணி நேரம் இப்படி முயன்று தோள்கள் ஓய்ந்து போயின. அந்தச் சமயத்தில், கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் ஒன்று அவனைப் பற்றிக் கொண்டது. அவன் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தான்: பலகையை விட்டு விட்டுக் கரையை நோக்கி நேராக நீந்தத் தொடங்கினான். கணுக்காலில் கட்டியிருந்த கயிறு இருந்ததோ, பிழைத்தானோ! பலகை கூடவே மிதந்து வந்தது. அதை அடையாளமாகக் கண்டு ஒரு மீனவ இளைஞர் பாய்ந்து சென்று அவனைக் கரை சேர்த்தார்.

தங்கை நம்மிடம் வந்து அழுதாள். "அண்ணா, அந்தப் பலகையை இரண்டாக உடைத்து அடுப்பில் வையுங்கள். ஒரே பிள்ளை. அவனுக்குக் கடலும் வேண்டாம், அலையும் வேண்டாம்" என்றாள். பையனோ ஒரு மூலையில் உட்கார்ந்து, "எனக்கு இந்த வித்தை வரவே வராது" என்று முடிவு கட்டி விட்டான். ஒருத்திக்குப் பயம், ஒருவனுக்கு அவமானம். இரண்டுக்கும் நடுவில் நாம் பஞ்சாயத்தாராக உட்கார வேண்டியதாயிற்று. ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் விசாரித்துத் தெரிந்து கொண்டோம். தெரிந்து கொண்டதை நேயர்களுக்கும் சொல்கிறோம். ஏனெனில் இன்று இந்த ஆசை பல வீடுகளில் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் உண்டாகி வருகிறது.

அலை ஏறும் பலகைகளில் பல வகை உண்டென்றாலும் முக்கியமான ஜாதி இரண்டு. நெட்டைப் பலகை சுமார் ஒன்பது அடியும் அதற்கு மேலும் நீளம், இருபத்திரண்டு அங்குலம் அல்லது அதற்கு மேல் அகலம், மழுங்கிய வட்ட மூக்கு, நல்ல கனம். குட்டைப் பலகை ஐந்தரை அடியிலிருந்து ஆறரை அடி வரை, பதினெட்டு முதல் இருபது அங்குல அகலம், கூரிய மூக்கு, மெல்லிய விளிம்பு, முன்னும் பின்னும் மேல் நோக்கி வளைந்திருக்கும்.

அலையின் மேல் ஏற வேண்டுமானால், அலை வந்து சேரும் சமயத்தில் பலகையும் ஏறக்குறைய அதன் வேகத்தை அடைந்திருக்க வேண்டும். ஓடுகிற ரயிலில் ஏறுகிறவன் கூட ஓடித்தானே ஆக வேண்டும்? நெட்டைப் பலகை ஆளை நன்றாக மிதக்க வைக்கிறது. நீரில் வழுக்கிச் செல்கிறது. நாலு தடவை கை போட்டால் வேகம் பிடித்து விடுகிறது. ஆகையால் அலை உடைவதற்கு வெகு முன்பே, அது இன்னும் சாய்வான மேடாக இருக்கும் போதே, அதன் மேல் ஏறி விடலாம். எழுந்து நிற்கவும் அவகாசம் இருக்கிறது. குட்டைப் பலகை அரை குறையாகத்தான் மிதக்கும். அலை செங்குத்தாக எழுந்து கவிழப் போகும் கடைசி விநாடியில், அந்தச் சரிவே தள்ளி விட்டால்தான் அது ஓடும். ஏறுவது கஷ்டம். ஏறி விட்டாலோ, காலை அழுத்திய பக்கம் திரும்பும், மேலே பாயும், கீழே விழுந்து மறுபடியும் எழும்பும். கரையிலிருந்து உள்ளே போகும் போது எதிர்வரும் அலைக்கு அடியில் மூக்கை அமுக்கி முழுகிச் செல்லவும் அதனால் முடியும். நெட்டைப் பலகையை அப்படி முழுக வைக்க முடியாது. பெரிய அலை வந்தால் அது ஆளையும் சேர்த்துக் கரையில் கொண்டு வந்து போட்டு விடும்.

அப்படியானால் எந்தப் பலகை நல்லது? இந்தக் கேள்விக்கு அலையைத்தான் பதில் கேட்க வேண்டும். கரையை நெருங்க நெருங்கக் கடலின் அடித்தரை அலையின் காலைப் பிடித்து இழுக்கிறது, தலை முந்துகிறது, நீரின் ஆழம் ஏறக்குறைய அலையின் உயரத்தளவுக்குக் குறைந்ததும் அலை உடைகிறது. தரை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தால் அலை நுரை தள்ளிக் கொண்டு மெதுவாகச் சரியும். அங்கே நெட்டைப் பலகைதான் ராஜா. தரை திடீரென்று உயர்ந்தால், முக்கியமாகக் கடலுக்கடியில் பாறைப் பார் இருந்தால், அலை சுவர் போல் எழுந்து குழாயாகச் சுருண்டு விழும். அங்கே குட்டைப் பலகைதான் உதவும். நெட்டைப் பலகையை அந்தச் சுவரில் இறக்கினால் அதன் மூக்கு நீரில் குத்தி, ஆள் தலைகீழாகப் போவார். இப்படிக் குத்துவதற்கு வெளிநாட்டு விளையாட்டுக்காரர்கள் 'முத்துக் குளித்தல்' என்ற அர்த்தத்தில் பரிகாசமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். முத்து எடுப்பதற்குப் பெயர் போன மன்னார் கடலுக்குப் பக்கத்தில் இருந்து கொண்டு இதைக் கேட்ட போது நமக்குச் சிரிப்பு வந்தது.

மூன்றாவதாக, முனை அலை என்று ஒன்று உண்டு. கரை கடலுக்குள் நீட்டிக் கொண்டிருக்கும் இடத்தில் அலை ஒரு முனையிலிருந்து தொடங்கிப் பக்கவாட்டில் நீளமாக உடைந்து கொண்டே வரும். இலங்கையில் அறுகம்பை இதற்குப் பேர் போனது. ஏறக்குறைய சித்திரையிலிருந்து ஐப்பசி வரையில் அங்கே உலகத்தின் நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் வந்து கூடுகிறார்கள். இத்தகைய அலை சிறியதாக இருக்கும் நாளில் நெட்டைப் பலகையில் நின்று உல்லாசமாக வெகு தூரம் வரலாம். அதே இடத்தில் அலை ஓங்கி வரும் நாளில் குட்டைப் பலகைக்காரர்கள் வித்தை காட்டுவார்கள். ஊர் ஒன்றுதான், நாளுக்குத் தக்கபடி பலகை மாறுகிறது.

இந்த வித்தையின் தாய்நாடு ஹவாய்த் தீவுகள். அங்கே பூர்வத்திலேயே இரண்டு ஜாதிப் பலகைகள் இருந்தன. 'ஓலோ' என்னும் மிக நீண்ட பலகை பிரபுக்களுக்கு. 'அலாயா' என்னும் மெல்லிய குறும்பலகை மற்ற ஜனங்களுக்கு. 1912-ம் வருஷம் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயத்தில் 100 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்ற ட்யூக் கஹானமோக்கு என்னும் ஹவாய் வீரர், சில வருஷங்களுக்குள் ஆஸ்திரேலியாவுக்குப் போன போது, சிட்னியிலேயே மரம் வாங்கிப் பலகை செதுக்கி அங்குள்ளவர்களுக்கு இந்த வித்தையைக் காட்டினார். 1960-களின் பிற்பகுதி வரையில் எங்கும் நெட்டைப் பலகையே ஆட்சி செய்தது. அதன் பிறகுதான் குட்டைப் பலகை தலையெடுத்தது. 1981-ல் ஆஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் அதன் அடியில் மூன்று துடுப்புகளை வைத்து அதன் புகழை நிலைநாட்டினார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்குக்காகவும், 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்காகத் தாஹித்தித் தீவிலும் நடந்த போட்டிகளில் வீரர்கள் ஏறியது குட்டைப் பலகையே. திருப்பங்களுக்கும் பாய்ச்சல்களுக்கும்தானே அங்கே மதிப்பெண்? நமது பையன் கைபேசியில் கண்டு மயங்கியது இந்தக் காட்சிகளைத்தான். அவன் பலகையைப் பார்த்தானே தவிர, அதற்கடியிலிருந்த அலையைப் பார்க்கவில்லை.

நமது நாட்டிலும் இந்த வித்தை வேரூன்றி விட்டது. கோவளத்தில் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ரீ மூர்த்தி மேகவன் 2012-ல் ஆரம்பித்த பள்ளி, அவ்வூர் இளைஞர்கள் பலருக்குப் புது வழி காட்டியது. 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்த போது ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். அந்தப் போட்டியில் தனிநபராகப் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவரே. சந்தோஷப்பட வேண்டிய சமாசாரம். ஆனால் இந்த வித்தையை உலகத்துக்கு நாம்தான் கற்றுக் கொடுத்தோம் என்று மார்தட்டிக் கொள்ள வேண்டியதில்லை. நமக்கு உரிய பெருமை வேறொன்று இருக்கிறது.

அலைக்கு ஏற்ற மரத்தைத் தேர்ந்தெடுக்கும் சாஸ்திரம் நமது கரையில் மிகவும் பழையது. சோழ மண்டலக் கரையில் அலை ஓயாமல் உடையும் இடங்களில் மீனவர்கள் இலேசான மரங்களைச் சேர்த்துக் கட்டிக் கட்டுமரம் செய்தார்கள். அலை மேலே விழுந்தால் நீர் மரங்களின் இடுக்கு வழியாக ஓடி விடும். முழுகுவதற்கு அதில் இடமே இல்லை. சென்னையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்படும் வரையில், கப்பலிலிருந்து துரைமார்களையும் மூட்டைகளையும் கரை சேர்த்தது ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகு. அலை அடித்தால் அது வளைந்து கொடுக்குமே அல்லாமல் உடையாது. பாக் விரிகுடாவிலோ அலை பயமில்லை, காற்றுத்தான் உண்டு. ஆகையால் அங்கே பாய் விரித்த படகுகளில் குறுக்கே ஒரு நீண்ட பலகையை வைத்து, காற்று சாய்க்கும் போது ஆட்கள் அந்தப் பலகையின் நுனிக்குப் போய் உட்கார்ந்து சமன் செய்தார்கள். சென்னை மாகாணத்தின் மீன்துறைக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் நமது நாட்டுப் படகுகளின் அமைப்பை விஸ்தாரமாக வர்ணித்திருக்கிறார். சென்னைக் கரையில் கட்டுமரம் நன்றாக ஓடுகிறதே என்று கோட்டைப்பட்டினத்தார் தமது படகைக் கைவிடவில்லை. இவர்கள் படகு பெரியதாக இருக்கிறதே என்று அவர்கள் கட்டுமரத்தை அவிழ்த்து விடவும் இல்லை. அவரவர் கடல் அவரவருக்குச் சொல்லிக் கொடுத்தது.

இதையெல்லாம் தங்கையின் வீட்டில், காப்பி ஆறிப் போகும் வரையில் சொன்னோம். பிறகு தீர்ப்பையும் சொன்னோம்.

"பலகையை உடைக்க வேண்டாம், விற்று விடலாம். அவன் கற்றுக் கொள்ள வேண்டியது மெத்தென்ற நுரைப் பலகையில். எட்டடிக்குக் குறையாமல், ஒன்பது அடியானால் விசேஷம். தலையில் பட்டாலும் மண்டை உடையாது. முதலில் கடலில் நீந்தப் பழகட்டும். குளத்து நீச்சல் போதாது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இறங்கக் கூடாது. இறங்குவதற்கு முன் கால் மணி நேரம் கரையில் உட்கார்ந்து, அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் நீர் திரும்பிப் போகிறது என்று பார்க்க வேண்டும். அலை உடையாத அந்தச் சந்துதான் சாது மாதிரித் தோன்றும். இழுப்பு இருப்பது அங்கேதான். அகப்பட்டால் பலகையை விடக் கூடாது. கரைக்கு நேராக முட்டி மோதாமல், கரையை ஒட்டிப் பக்கவாட்டில் விலகிப் பிறகு திரும்ப வேண்டும். சாய்ந்து வரும் அலைகளில் நின்று, திரும்பி, இஷ்டப்பட்ட இடத்தில் நிறுத்தக் கற்றுக் கொண்ட பிறகு, செங்குத்தான அலை உள்ள இடத்துக்குப் போகிற நாள் வந்தால், அப்போது குட்டைப் பலகை வாங்கித் தருவது நமது பொறுப்பு."

தங்கை வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்களும் கூடப் போவதானால் சரி" என்றாள். ஆகவே இந்த வயதில் நாமும் மாதம் ஒரு முறை கடற்கரையில் துண்டை விரித்து உட்கார்ந்து, பையனை எண்ணிக் கொண்டிருக்கிறோம். முழுகினால் ஒன்று, எழுந்தால் இரண்டு! மூன்றாவது பயணத்தில் அவன் எழுந்து நின்றான். பத்து விநாடி இருக்கலாம். கரையில் இறங்கியதும் அவன் நம்மைப் பார்த்த பார்வையில், ஆடி மாதத்து அவமானம் மருந்துக்கும் இல்லை.

அப்புறம் மற்றொரு காரியமும் நடந்தது. அந்த நெட்டைப் பலகையையே மணமேல்குடிக்குக் கொண்டு போய், ஒரு நீண்ட துடுப்பைக் கையில் கொடுத்து, அதன் மேல் நின்று துழாவச் சொன்னோம். அலை இல்லாத நமது கடலுக்கு அது வெகு பொருத்தமாக அமைந்தது. அந்தத் தண்ணீருக்கு அடியில் கடற்புல் வளர்ந்திருக்கிறது. அதை மேய்வதற்குக் கடற்பசு வருகிறது. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை அடுத்த கடலில் 448 சதுர கிலோ மீட்டர் பரப்பை 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. இயந்திரமும் சத்தமும் இல்லாமல், புல்லைக் கிழிக்காமல், அதன் மேல் மிதந்து போகும் பலகையைக் காட்டிலும் அந்தக் கடலுக்கு மரியாதையான வாகனம் வேறு என்ன?

வலை பிரிக்கும் முதியவர் அன்றும் அங்கே இருந்தார். பையனை அடையாளம் கண்டு கொண்டார். பலகையைத் தட்டிப் பார்த்து, நீளத்தை முழம் போட்டு அளந்தார்.

"இப்போதுதான் தம்பி, தண்ணீருக்கு ஏற்ற மரம் கொண்டு வந்திருக்கிறாய்" என்றார். பிறகு நமது பக்கம் திரும்பி, "ஐயா ஏறவில்லையா?" என்று கேட்டார்.

நமது கனத்துக்கு ஏற்ற பலகை இன்னும் யாரும் செய்யவில்லை என்று சொல்லித் தப்பித்துக் கொண்டோம்.